பூட்டிய முன்சக்கரம்

படப்பை,
9 ஜூன் 2024

பாண்டி அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த ஊர்த் தண்ணீருக்குத் தலைமுடிதான் கொத்துக்கொத்தாய்க் கொட்டுகிறது. உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? பாளையங்கோட்டை ஜெயிலில் காரம் குறைவாகத்தான் போடுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். நிஜமா, இல்லை அவள் மனம் ஆறட்டும் என்று நீ சொன்னதா?

பதினோரு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேன். காரணம் உனக்கும் தெரியும். கோர்ட்டில் நீ எழுந்து நின்று, "வேகமா வந்துட்டேன் ஐயா" என்று சொன்னபோது, நீ ஓட்டிய மாமாவின் மினிபஸ் மோதிச் செத்துப்போன சுடலையின் மனைவி மீனம்மாள் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. அவருடைய பின்கழுத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உன்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

போன வாரம் அம்மா போனில் அழுதாள். "ரெண்டு மாசமா அவன் போன் பேச வரமாட்டேங்கான். பின்னால ஆளுக வரிசையா நிக்கையில பேச்சே வரலயாம். நீ ஒரு கடுதாசி போடு பிள்ள" என்றாள். அவள் நெல்லையப்பன் மாமா வீட்டின் பின்கட்டு அறையில் சுகமாக இருக்கிறாள். மாமாவுக்கு இப்போது மினிபஸ் ஐந்தாகிவிட்டது.

எனக்கு வேலை ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில். மொத்தம் ஒன்பது பேர். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு சிமுலேட்டர் செய்கிறோம். விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி வைத்ததுபோல ஒரு கூண்டு, உள்ளே இரண்டு சீட், எதிரில் வளைந்த திரை. சன்னல் கிடையாது. காலையில் உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்று சாயங்காலம்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை என் டிகிரி சர்ட்டிபிகேட், மார்க் ஷீட் எல்லாம் முதலாளி மோகன் சாரின் பீரோவில் இருக்கும். இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. வேறு இடத்துக்கு இன்டர்வியூ போகலாமென்றால் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இல்லை.

பதில் போட விருப்பமிருந்தால் போடு.

உன் தங்கை,
இசக்கிசெல்வி


மத்திய சிறை, பாளையங்கோட்டை,
25 ஜூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. வயிற்றுப்புண் பரவாயில்லை. காரம் விஷயம் அம்மாவுக்காகச் சொன்னதுதான். உனக்கு முடி கொட்டினால் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சித் தேய்.

உன் கடிதத்தை நான்குமுறை படித்துவிட்டேன். என்னை இங்கே ரொட்டி சுடும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மாவு பிசைகிற பெரியவரிடம், என் தங்கச்சி ஏரோப்பிளேன் செய்கிறாள் என்றேன். "பறக்காத ஏரோப்பிளேனா? அதுல ஏறி என்னத்துக்குடே?" என்கிறார். என்ன பதில் சொல்ல? விளக்கமாக எழுது. என்ன மாதிரி வண்டி, எத்தனை சக்கரம், ஸ்டியரிங் உண்டா, பிரேக் எங்கே இருக்கிறது, எல்லாம் எழுது. இங்கே எனக்கு யோசிக்க ஒரு வண்டிகூட இல்லை.

கோர்ட்டைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக ஷேர் ஆட்டோவில் ஏறாதே.

அண்ணன்,
இசக்கிபாண்டி


படப்பை,
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

கறிவேப்பிலை எண்ணெய் காய்ச்சினேன். ஹாஸ்டல் வார்டன் வந்து ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்னோடு அறையில் இருக்கும் கவிப்பிரியா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஸ்டவ் அவளுடையது. மற்றபடி எல்லோரும் நலம். நீ ரொட்டி அடுப்புப் பக்கம் நிற்கும்போது தண்ணீர் நிறையக் குடி.

வண்டியைப் பற்றிக் கேட்டாய். இது தண்ணீரிலும் தரையிலும் இறங்குகிற விமானம். வயிற்றுக்குக் கீழே இரண்டு நீளமான படகு. ஒவ்வொரு படகிலும் முன்னால் ஒரு சின்னச் சக்கரம், பின்னால் ஒரு பெரிய சக்கரம். தண்ணீரில் இறங்கும்போது சக்கரங்களை மடக்கிக்கொள்ளும். பயிற்சிப் பள்ளி ஒன்று இதற்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. பறப்பதெல்லாம் வேறு ஆள் செய்கிறார். தரையில் உருள்வது மட்டும் என் பொறுப்பு. ஆக, நான்கு மாதமாக நான் ஒரு விமானத்தை ஓட்டுகிறேன். ஓர் அடிகூட அது தரையைவிட்டு எழும்பியதில்லை.

ஸ்டியரிங் கிடையாது. நீ நம்பமாட்டாய். முன்சக்கரம் இரண்டும் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் சக்கரம்போலத் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். இடது பக்கம் போக வேண்டுமென்றால் இடது பிரேக்கை மட்டும் லேசாகத் தட்ட வேண்டும். வலதுக்கு வலது. பக்கவாட்டில் காற்றடித்தால் வால் பெரிதாக இருப்பதால் விமானம் தானாகவே காற்றைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொள்ளும். ஓட்டுகிறவர் இரண்டு காலாலும் விடாமல் தட்டித் தட்டி அதை நேராக வைத்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் இதெல்லாம் வெறும் எண்கள். டயர் எவ்வளவு பிடிக்கும், ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும், சக்கரம் எவ்வளவு திரும்பும் என்று நூற்றுச் சொச்சம் எண்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடும். முதல் மாதம் எஞ்சினைப் போட்டதுமே நின்ற இடத்தில் துள்ளியது. கூண்டுக்கு வெல்டிங் செய்த சுப்பிரமணி அண்ணன், மண்ணூர்க்காரர், எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, தவளையாட்டம் குதிச்சிகினு கீது" என்றார். ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். அப்புறம் பசை போட்டதுபோலத் தரையில் ஒட்டிக்கொண்டு, முழு வேகம் கொடுத்தாலும் நகரவில்லை.

போன வியாழக்கிழமை சரியாகிவிட்டது, அண்ணா. நிஜ விமானம் காற்றில் உருள்கிற வீடியோவைப் பள்ளியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பைலட் எத்தனை தடவை பிரேக்கைத் தட்டுகிறார், மூக்கு எவ்வளவு விலகுகிறது என்று ஒவ்வொரு நொடியாக எழுதி வைத்திருந்தேன். அதே காற்றைத் திரையில் வைத்து ஓட்டினேன். திரையில் இருப்பது நம் செம்பரம்பாக்கம் ஏரி. பக்கத்தில் இருக்கிற தண்ணீர் என்பதால் அதையே படம் பிடித்து வைத்திருக்கிறோம். ஏரியிலிருந்து சரிவில் ஏறி, தரைக்கு வந்து, ஓடுபாதை முனைவரை போனேன். நிஜ விமானம் போன கோடும் என் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. சுப்பிரமணி அண்ணன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மாவு பிசையும் பெரியவருக்கு என் வணக்கம்.

செல்வி


பாளையங்கோட்டை,
2 ஆகஸ்ட் 2024

தங்கச்சி செல்விக்கு,

நான் சுகம். பெரியவருக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பிரேக்கை வைத்தே திருப்புகிற வண்டி என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நானும் படுத்துக்கொண்டு காலை அசைத்துப் பார்த்தேன். இடது, வலது, வலது, இடது. பக்கத்தில் படுத்திருந்தவன் பேய் பிடித்துவிட்டதா என்று கேட்டான்.

பிரேக்கை நம்பியே ஓடுகிற வண்டி என்றால் பிரேக்கை மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். நீ பார்ப்பாய்.

மாமா மனு போட்டுப் பார்க்க வந்தார். ஆப்பிள் கொண்டுவந்தார். "பிப்ரவரியில வெளிய வந்துருவ மருமவனே. அதுவரைக்கும் ஒண்ணும் பேசாம இருந்துட்டு வா. அடுத்த வண்டி உம் பேருலதான்" என்றார். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாராம். சரி என்றேன்.

வேறென்ன? வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
பாண்டி


படப்பை,
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் தொடங்க வேண்டும். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கு எப்படி இருக்கிறது?

போன வாரம் பயிற்சிப் பள்ளி முதலாளி, நாலைந்து பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு சிமுலேட்டர் பார்க்க வந்தார். அவர் பைலட் இல்லை. ஆனாலும் தானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஏறினார். காற்று கொஞ்சம் வைத்திருந்தோம். கிளம்பிய பத்தாவது நொடியில் மூக்கு திரும்பி, பாதையைவிட்டு இறங்கி, புல்லில் போய்ச் சாய்ந்தது. கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் புல்தான்.

அவர்கள் போனதும் மோகன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"இதப் பாரு செல்வி, கஷ்டமா இருந்தா எவனும் வாங்க மாட்டான். முன்சக்கரத்தை லாக் பண்ணு. பெடலோட கனெக்ட் பண்ணிடு. கார் மாதிரி போவட்டும்."

"சார், நிஜ பிளேன் அப்படிப் போகாதே."

"நிஜ பிளேன்ல பக்கத்துல வாத்தியார் உக்காந்திருப்பாரும்மா. அவங்க பாத்துப்பாங்க. நீ ரிப்போர்ட்ல சைன் பண்ணிக் குடு."

ரிப்போர்ட் என்பது, 'உண்மையான விமானத்தின் ஓட்டத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி என்ஜினியர் கையெழுத்துப் போடுகிற தாள். வேறு யாரும் போட முடியாது. அதற்கான படிப்புப் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

போட்டுக் கொடுத்தால் என் சர்ட்டிபிகேட்டை உடனே தந்துவிடுவதாகச் சொன்னார். பாக்கி ஒன்றரை வருஷமும் வேண்டாமாம். போடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பீரோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

மாற்றவேண்டியது ஒரே ஓர் எண்தான் அண்ணா. சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்கிற இடத்தில் இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்று எழுதினால் போதும். செப்டம்பர் ஐந்தாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்? சீக்கிரம் எழுது.

செல்வி


படப்பை,
8 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

நலம். உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இங்கே வேலை ஒருவழியாக முடிந்தது. எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். சர்ட்டிபிகேட் விஷயம், கூண்டைக் கொண்டுபோய்ப் பள்ளியில் மாட்டியபிறகு என்று மோகன் சார் சொல்லியிருக்கிறார். கவிப்பிரியாவுக்குப் புது ஸ்டவ் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

வேறு விசேஷமில்லை.

செல்வி


பாளையங்கோட்டை,
29 ஆகஸ்ட் 2024

செல்விக்கு,

அண்ணன் சுகமாக இருக்கிறேன். நீ சாப்பிடாமல் இருக்காதே. உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாய். நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, மாமாவைத் தவிர.

விபத்து நடந்தது சனிக்கிழமை, அதற்கு முந்தின வியாழக்கிழமையே பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்கியது. குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் போகிற குழாயில் ஆயில் கசிந்திருந்தது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். "முகூர்த்த நாளுடே. மூணு கல்யாண டிரிப்பு ஒத்துக்கிட்டிருக்கேன். திங்கக்கெழம ஒர்க்ஷாப்புல விட்டுருவோம். மெதுவா ஓட்டு" என்றார். தினமும் வண்டி எடுக்கும்முன் நோட்டில் 'வண்டி நிலை' என்று ஒரு கட்டம் இருக்கும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அதில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டே எழுத்து. பேனாவை வைத்து எடுத்ததுகூட ஞாபகமில்லை.

நான் வேகமாக வரவில்லை, செல்வி. முப்பத்தைந்தில்தான் வந்தேன். வளைவில் மிதித்தபோது பெடல் அப்படியே தரைக்குப் போய்விட்டது. பஸ் நிறுத்தத்தில் சுடலை நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் இல்லை, மண்ணில்தான் நின்றார். ஹாரன் அடித்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு வழிவிடுகிறதாக நினைத்து இன்னும் ஓரடி உள்ளே தள்ளி நின்றார். வண்டி அந்தப் பக்கம்தான் போனது.

மோதியதில் குழாய் உடைந்தது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன்பே அது போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஸ்டேஷன் வாசலில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரேக்குன்னு வந்தா எல்லா வண்டி பெர்மிட்டும் போயிரும். நான் நடுத்தெருவுல நிப்பேன். அப்புறம் உங்கம்மா எங்க போவா, யோசிச்சுக்கோ" என்றார். அதனால் வேகமாக வந்தேன் என்றேன். தண்டனை குறையட்டும் என்று அவர் வைத்த வக்கீல், சுடலை குடித்துவிட்டு ரோட்டில் இறங்கி நின்றார் என்று சொன்னார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அதையும் மறுக்கவில்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. நான் செய்தது இது.

அண்ணன்

10 செப்டம்பர். இந்தக் கடிதம் பன்னிரண்டு நாளாக இங்கேயே இருந்தது. வழக்கைப் பற்றி எழுதியிருப்பதால் அனுப்பத்தான் வேண்டுமா என்று அதிகாரி என்னை இரண்டுமுறை கூப்பிட்டுக் கேட்டார். அனுப்பச் சொல்லிவிட்டேன். நீ சொன்ன தேதி தாண்டிவிட்டது. என்ன செய்தாய்?


பாளையங்கோட்டை,
20 அக்டோபர் 2024

செல்விக்கு,

சுகம்தானே? ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள் என்று நீ எழுதிய சின்னக் கடிதம்தான் கடைசியாக வந்தது. வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாய். சக்கரம் என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

நான் எழுதியதற்காக என்மேல் கோபம் என்றால் அதையாவது எழுது. அம்மாவிடம் நீ பேசுகிறாயாம், குரல் நன்றாக இருக்கிறதாம். எனக்கு அது போதும் என்று எழுத நினைத்தேன். போதவில்லை.

பாண்டி


படப்பை,
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உன் இரண்டு கடிதமும் என் பையில்தான் இருந்தன. உன்மேல் கோபமில்லை. உனக்குப் பதில் எழுத வேண்டுமென்றால், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுத வேண்டும். அதை எழுத முடியாமல்தான் இருந்தேன்.

ஆமாம், போட்டேன். செப்டம்பர் நான்காம் தேதி. எண்ணை மாற்றினேன், தாளில் கையெழுத்துப் போட்டேன், பிரியாணியும் சாப்பிட்டேன். உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். சுடலை உள்ளே தள்ளி நின்றார் என்ற இடத்துக்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

அப்போதும் ஒன்றும் செய்யவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சர்ட்டிபிகேட் கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று இரண்டு மாதம் தள்ளினேன். தினமும் கூண்டுக்குள் ஏறி ஓட்டிப் பார்ப்பேன். எவ்வளவு காற்று வைத்தாலும் நூல் பிடித்ததுபோல நேராகப் போகும்.

நவம்பர் தொடக்கத்தில் கூண்டைக் கொண்டுபோய்க் கடலோரம் இருக்கிற அந்தப் பயிற்சிப் பள்ளியில் மாட்டினோம். மோகன் சார், சுப்பிரமணி அண்ணன், நான். தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் சசிகலா என்று ஓர் அம்மா. வெள்ளிக்கிழமை அவர் ஏறி ஓட்டினார். இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்.

"பக்கவாட்டுல பதினஞ்சு நாட் வேகத்துல காத்து வெச்சிருக்கேன். அசையவே மாட்டேங்குதே. நிஜமாவே இது இவ்வளவு நேரா போகுமா?"

"ஃப்ளோட் வெயிட்டு மேடம், அதான்" என்றார் மோகன் சார், அடியில் இருக்கிற படகுகளைச் சொல்லி.

கேப்டன் என்னைப் பார்த்தார். "நீதானே சைன் பண்ணினது? போகுமா?"

"போகும் மேடம்" என்றேன். அண்ணா, நேருக்கு நேராகப் பார்த்துச் சொன்னேன்.

அங்கே ஜாஸ்மின் என்று ஒரு பெண் படிக்கிறாள், தூத்துக்குடிக்காரி. நம்ம பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் என்னோடு ஒட்டிக்கொண்டாள். கூண்டில் பழகிவிட்டு, திங்கட்கிழமை நிஜ விமானத்தில் ஏறுவதாக இருந்தாள். சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது சொன்னாள்: "தண்ணியிலதான் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன்க்கா. தரையில ஒண்ணுமே இல்ல. காலச் சும்மா வச்சிருந்தாப் போதும், அதுவா போவுது." சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே காலை நீட்டிக் காட்டினாள்.

நான் கையைக்கூடக் கழுவவில்லை. எழுந்து போய்க் கேப்டன் அறைக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டுக்குக் கூட்டிப்போய் அந்த எண்ணைக் காட்டினேன். பழைய கணக்கு என் பென் டிரைவில் இருந்தது, அதைப் போட்டேன். அவரே ஏறினார். முதல் தடவை மூக்கு திரும்பிப் புல்லுக்குப் போனது. இரண்டாம் தடவை கால்கள் தட்டத் தொடங்கின. பாதை முனைவரை போய் நிறுத்தினார். "இதுதான்" என்றார். பிறகு இறங்கி வந்து, "ரெண்டு மாசம் ஏன் சொல்லல?" என்று கேட்டார். அவர் என்னைப் பாராட்டவில்லை. "எழுதிக் குடு" என்று ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆர்டர் ரத்தாகிவிட்டது. மோகன் சார் அங்கேயே என்னை வேலையைவிட்டு நிறுத்தினார். "சர்ட்டிபிகேட்டா? கேஸ் போட்டு வாங்கிக்கோ" என்றார். திரும்பி வந்து மேசையைக் காலி செய்தபோது சுப்பிரமணி அண்ணன் கத்தினார்: "எங்க எல்லார் சோத்துலயும் மண்ண வாரிப் போட்டுட்டியேம்மா. ரெண்டு புள்ளிங்க படிக்கிதுங்க. இப்ப நான் எங்க போவேன்?" அப்புறம் அவரே பைக்கை எடுத்து என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்.

போலீஸில் மனு கொடுத்திருக்கிறேன். கையில் வேலையுமில்லை, சர்ட்டிபிகேட்டுமில்லை. ஹாஸ்டலில் மாதக் கடைசிவரை இருக்கலாம்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

செல்வி


பாளையங்கோட்டை,
18 டிசம்பர் 2024

என் தங்கச்சிக்கு,

நான் சுகம். வயிற்றுப்புண்கூட இந்த மாதம் தொந்தரவு செய்யவில்லை. நீ எங்கே தங்கியிருக்கிறாய் என்று முதலில் எழுது.

உன் கடிதம் வந்த மறுநாள், இங்கே வருகிற இலவசச் சட்ட உதவி வக்கீலிடம் கேட்டு விலாசம் வாங்கி, மீனம்மாளுக்கு நடந்ததை எழுதினேன். உனக்கு எழுதியதைவிடச் சின்னதாக. பதில் வரும் என்று நினைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை மனு என்று என்னைக் கூப்பிட்டார்கள். மாமாதான் என்று போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மீனம்மாள் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மகள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இவதான் படிச்சா" என்றார். அப்புறம், "மன்னிச்சுட்டேன்னு சொல்ல வந்திருக்கேன்னு நெனச்சியா?" என்றார்.

"இல்லம்மா."

"அந்த மனுசன் சாராயத்தக் கையால தொட்டதில்ல. உங்க வக்கீலு சொன்னதுக்கப்புறம் ஊரே அதச் சொல்லுது. குடிகாரன் மவளுன்னு இவளப் பாக்க வந்தவுக வாசலோட திரும்பிப் போனாவ. நீ எனக்கு மட்டும் எழுதுனா யாரு நம்புவா? எந்தக் கோர்ட்டுல அதச் சொல்லாம விட்டியோ அங்கேயே போய்ச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்துவிட்டது.

வக்கீல் விவரமாகச் சொன்னார். மாமாமேல் வழக்கு என்று வந்தால் நோட்டில் கையெழுத்துப் போட்டவன் என்று நானும் அதில் இருப்பேனாம். பிப்ரவரியில் வெளியே வருவது சந்தேகமாம். "ரெண்டு மாசம் பொறுத்து வெளிய போய்ச் சொல்லேன்ப்பா" என்றார். வெளியே வந்தால் மாமா புது வண்டியோடு நிற்பார், அம்மா அழுவாள், நான் சொல்லமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் எழுதி, கோர்ட்டுக்குப் போகிற மனுவில் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மாமா சொல்லும்முன் அம்மாவிடம் நீ சொல்லிவிடு. அவள் இனி அந்த வீட்டில் எப்படி இருப்பாள் என்பதுதான் என் கவலை. பிப்ரவரியில் நீ வாசலில் வந்து நிற்காதே.

அண்ணன்,
இசக்கிபாண்டி


மண்ணூர்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

பொங்கல் முடிந்து எழுதுகிறேன். நானும் கவிப்பிரியாவும் ஹாஸ்டலைவிட்டு மண்ணூரில் ஓர் அறை எடுத்துவிட்டோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பொதுக் குழாய். கார் சீட் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் ஊரில் இருந்தது, அது போதும் என்றார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே தையல் பார்க்க வேண்டும். கால் வீங்குகிறது. மோகன் சார் பீரோவில் இருக்கிற சர்ட்டிபிகேட் இன்னும் வரவில்லை. போலீஸில் இரண்டுமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். எப்போது விடியும் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். போனில் சொல்ல மனமில்லாமல் நேரில் போனேன். பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நீ சொல்லச் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்கவில்லை. முன்கட்டில் மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டது. நீ முப்பத்தைந்தில்தான் வந்தாய் என்று சொன்னபோது மட்டும் ஒருதரம் நிறுத்தினாள். எல்லாம் கேட்டுவிட்டு, மீதி அரிசியையும் புடைத்துப் பானையில் கொட்டி மூடினாள்.

அப்புறம் என்னிடம், "உங்க ஊருக்கு ரேசன் கார்டு மாத்திக்கிடலாமா?" என்று கேட்டாள்.

மறுநாளே கிளம்பிவிட்டோம். மாமா தடுக்கவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. அத்தை மட்டும் தெருமுனைவரை வந்தாள்.

நேற்று இ-சேவை மையத்தில் விலாசம் மாற்ற எழுதிக் கொடுத்தோம். கம்ப்யூட்டரில் இருந்தவர் கார்டில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். உலகம்மாள், இசக்கிபாண்டி, இசக்கிசெல்வி.

"இசக்கிபாண்டி யாரு? எங்க கீறாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். "என் அண்ணன். பாளையங்கோட்டை ஜெயில்ல இருக்காரு" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எப்ப வருவாரு?"

"தெரியல."

"அப்ப பேர எட்த்துடட்டா? வந்ததும் சேத்துக்கலாம்."

"எடுக்காதய்யா, இருக்கட்டும்" என்றாள் அம்மா. அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மூன்று பெயரையும் மண்ணூர் விலாசத்தில் அடித்தார்.

காரம் குறைத்துச் சாப்பிடு. அம்மா உன் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டுமாம், அவள் பெயருக்கே போடு.

இசக்கிசெல்வி